புதுமைப்பித்தனின் ‘சாபவிமோசனம்’: கல்லு, புத்து, தூசி வழியா கதைய படிக்கிறது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

முதல்ல கதை என்னன்னு சுருக்கமா சொல்லுங்களேன்?

1943ல கலைமகள் பத்திரிகைல வந்த கதை. ராமாயணத்துல வர்ற அகலிகை கதைதான் அடிப்படை. இந்திரன் கோதமன் வேஷத்துல வந்து அகலிகைய ஏமாத்துறான், கோதமன் சாபம் குடுக்குறான், அவ கல்லாயிடுறா, பல காலம் கழிச்சு ராமனோட கால் தூசி பட்டு மறுபடி பொண்ணா எந்திரிக்கிறா. பாட்டி சொன்ன கதை இங்க முடிஞ்சிடும். புதுமைப்பித்தன் இங்கதான் ஆரம்பிக்கிறாரு. சரி, எந்திரிச்சவ அடுத்த நாள்ல இருந்து எப்படி வாழ்ந்தா? யாரு அவகிட்ட பேசுனாங்க, யாரு ஒதுங்கிப் போனாங்க, புருஷன் பக்கத்துல இருக்கும்போது அவ மனசுல என்ன ஓடுச்சு? அதுதான் கதை. கோதமனும் அவளும் அயோத்திக்கு வெளிய சரயு கரைல குடிசை போட்டு இருக்காங்க, ராமனும் சீதையும் வந்து போறதுதான் அவளுக்கு ஆறுதல். அப்புறம் பட்டாபிஷேகம் நின்னு போகுது, ராமன் காட்டுக்குப் போறான், 14 வருஷம் கழிச்சு திரும்பி வர்றான். வந்ததும் சீதை அகலிகையைப் பார்க்க வர்றா, தான் தீக்குளிச்ச கதைய சொல்றா. அதைக் கேட்ட அகலிகை திரும்பவும் கல்லாயிடுறா. கோதமன் துறவியா கைலாயம் பக்கம் போயிடுறான்.

முடிவு தெரிஞ்சுபோச்சேன்னு வருத்தப்பட வேணாம், இந்தக் கதைல என்ன நடக்குதுங்கிறதவிட எதை வெச்சு நடத்துறாருங்கிறதுதான் பெருசு.

படிமம், உருவகம், உவமை, இதோட இலக்கணம் எல்லாம் தெரிஞ்சாத்தான் இப்படிப் படிக்க முடியுமா?

தெரிஞ்சா நல்லது, தெரியலன்னாலும் குறையில்ல. ‘போல’ன்னு சொல்லி ஒண்ணோட ஒண்ண ஒப்பிட்டா உவமை, ‘போல’வ எடுத்துட்டு இதுவே அதுன்னு சொன்னா உருவகம், கண்ணுல ஒரு பொருளையோ காட்சியையோ நிறுத்தி அது வழியா மனசைக் காட்டுனா படிமம். இது மூணும் ஒண்ணுக்குள்ள ஒண்ணு போயிட்டு வரும், கோடு போட்டுப் பிரிக்கவேண்டியதில்ல. படிக்கும்போது ஒரே ஒரு விஷயம் செய்யுங்க, கதைல ஒரு பொருள் வந்தா அது மறுபடி எங்க வருதுன்னு பாருங்க, வரும்போது அது அப்படியேதான் இருக்கா இல்ல மாறியிருக்கான்னு பாருங்க. நான் இந்தக் கதைய இத்தனை தடவை திரும்பத் திரும்பப் படிக்கிறதுக்குக் காரணமே அந்த மாற்றம்தான்.

கல்லுன்னா சாபம், அவ்வளவுதானே? இதுல என்ன பெருசா இருக்கு?

இப்படி ஒரு சமன்பாடு போட்டுட்டு நகந்துடுறதாலதான் கதை கைவிட்டுப் போகுது. கல்லுன்னா சாபம்னா, கடைசில அவ கல்லாகும்போது யாரு சாபம் குடுத்தா? யாருமே குடுக்கல! கோதமன் கட்டிப் பிடிக்கத்தான் வர்றான், அன்போடதான் வர்றான். அப்ப அந்தக் கல்லு எங்கேர்ந்து வந்துச்சு?

கதையோட முதல் வரிக்குப் போங்க. ‘சாலையிலே ஒரு கற்சிலை.’ அவ்வளவுதான் முதல் வாக்கியம். ஒரு மகா சிற்பி செதுக்குன பெண் சிலையோன்னு நினைக்க வைக்கிற அழகு, பார்க்கிறவனுக்கு ஆசை வரணும், ஆனா அந்தச் சிலையோட கண்ணுல தேங்கிக் கிடக்குற சோகம் அந்த ஆசைய அடிச்சுப் போட்டுடுதுன்னு சொல்றாரு. அதாவது கல்லா இருக்கும்போது அவளை யாராலயும் கெட்ட கண்ணோட பார்க்க முடியல, அந்த சோகமே அவளுக்குக் காவல். அதுக்கப்புறம் வெயில் காயுது, பனி பெய்யுது, மழை வருது, தூசியும் தும்பும் குருவியும் கோட்டானும் அவ மேல வந்து குந்திட்டுப் பறந்து போகுதுன்னு எழுதுறாரு. இயற்கைய ஒரு துறவி மாதிரின்னு சொல்றாரு, யாருகிட்டயும் பேதம் பார்க்காத துறவி. இந்த இடத்துல கொஞ்சம் நில்லுங்க. கோட்டான் அவகிட்ட எதுவும் கேக்கல. மழை அவ மேல பெய்யறதுக்கு முன்னாடி நீ சுத்தமானவளான்னு விசாரிக்கல.

இப்ப அவ பொண்ணா ஆனதுக்கு அப்புறம் நடக்கிறதப் பாருங்க. ஆத்தங்கரைல ரிஷி பத்தினிகள் அவளைக் கண்டு ஒதுங்கிப் போறாங்க. சாபம் தீர்ந்தாலும் பாவம் தீராதான்னு அவ உள்ள கொதிக்கிறா. ரிஷிகள் வந்து போற இடத்துல குடிசைக்குள்ள போய் ஒளிஞ்சுக்கிறா. புருஷன் சாதாரணமா ஒண்ணு கேட்டாக்கூட, பதில் சொல்றதுக்கு முன்னாடி அந்த வார்த்தைய மனசுக்குள்ள ஆயிரம் தடவை திருப்பிப் பார்க்கிறா, இதுக்கு வேற ஏதாவது அர்த்தம் எடுத்துடுவாரோன்னு. கல்லா இருந்தப்ப அவளுக்கு இல்லாத வேதனை எல்லாம் இப்ப இருக்கு.

கடைசில ‘அவள் நெஞ்சு கல்லாய் இறுகியது’ன்னு எழுதிட்டு உடனே ‘என்ன நிம்மதி!’ன்னு எழுதுறாரு. இந்த ரெண்டு வார்த்தையத் தாண்டிப் போகாதீங்க. முதல் கல்லு அடுத்தவன் குடுத்த தண்டனை, கடைசி கல்லு அவளாப் போய் அடைஞ்ச இடம். மனுஷங்க கேள்வி கேக்குற உலகத்துல இருந்து கேள்வி கேக்காத வெயிலுக்கும் மழைக்கும் அவ திரும்பிப் போயிட்டா. விமோசனம்னு எதைச் சொல்றது, முதல்ல நடந்ததையா கடைசில நடந்ததையா? என்னோட வாசிப்புல கடைசியத்தான். ராமன் குடுத்தது உயிர், அவளுக்கு விடுதலை அதுல கிடைக்கல.

கோதமன் இருந்த புத்துக்கு என்ன வேலை?

சிலைக்குக் கொஞ்ச தூரத்துல ஒரு கறையான் புத்து, அதுக்குள்ள கோதமன் தவத்துல இருக்கான். ரெண்டு பேருமே அசையாமத்தான் கிடக்குறாங்க. ஆனா அவ மேல கல்லு திணிக்கப்பட்டது, இவனா தன்ன மறக்கத்தான் தவத்துல உக்காந்தான், புத்து அவனைச் சுத்தி வளந்துச்சு. புத்து மண்ணுதானே, உடைச்சுட்டு வெளிய வரலாம். அவ கல்லுலேர்ந்து அவளா வெளிய வர முடியாது, இன்னொருத்தன் கால் படணும். ஒரே தப்புக்கு (அது தப்பே இல்லங்கிறது வேற விஷயம்) ரெண்டு பேருக்கும் கிடைச்ச தண்டனை ஒண்ணு இல்லங்கிறத ஒரு வாதம்கூட இல்லாம ரெண்டு பொருளைப் பக்கத்துல பக்கத்துல வெச்சே காட்டிட்டாரு.

அந்த இடிஞ்ச வீடு?

புத்துக்கு அந்தப் பக்கம் அவங்க குடியிருந்த வீடு, கூரை விழுந்து சுவரு கரைஞ்சு வெறும் மேடா நிக்குது. அந்த மேட்ட அவங்க மனசுல ஏறுன துன்பத்தோட வடு மாதிரின்னு அவரே சொல்லிடுறாரு, அதனால நாம புதுசா கண்டுபிடிக்க ஒண்ணுமில்ல. வரிசைய மட்டும் கவனிங்க, சிலை, புத்து, மேடு, அப்புறம் தூரத்துல கங்கையோட சலசலப்பு. ஒரு கேமரா மெதுவா பின்னாடி போற மாதிரி. ஒருத்தர் வாயத் திறந்து பேசுறதுக்கு முன்னாடியே ஒரு குடும்பம் உடைஞ்ச கதை முழுசா கண்ணு முன்னாடி இருக்கு.

தூசியப் பத்தி எல்லாரும் சொல்றாங்க, ஏன்?

ஏன்னா அது ரெண்டு தடவை வருது, ரெண்டு தடவையும் வேற வேலை செய்யுது.

முதல் தடவை நமக்குத் தெரிஞ்சதுதான். விசுவாமித்திர முனிவர் கூட வர்ற ராமனும் லட்சுமணனும் ஓடி விளையாடிட்டு வர்றாங்க, காலடில கிளம்புன தூசி சிலை மேல படியுது, கல்லு பொண்ணாகுது. இதுல ராமன் எதுவும் ‘செய்யல’ங்கிறதப் பாருங்க. அவன் ஆசீர்வாதம் பண்ணல, மந்திரம் சொல்லல, கவனிக்கக்கூட இல்ல, ஓடிட்டு வர்ற பையன் அவன். எழுந்து நிக்கிற பொண்ணப் பார்த்ததும் அவதான் கும்பிடணும்னு நாம எதிர்பார்ப்போம், கதைல அவன் அவ கால்ல விழுறான். அந்த வயசுல அவனுக்கு அவள்கிட்ட எந்த சந்தேகமும் இல்ல.

ரெண்டாவது தடவை கிட்டத்தட்ட கதை முடியப்போற இடத்துல. சீதை தீக்குளிச்சத சொல்லிட்டுக் கிளம்பிட்டா, ராமன் வெளிய நிக்கிறான், அகலிகை அவனைப் பார்க்க வெளிய வரவேயில்ல. அப்ப ‘காலில் படிந்த தூசி அவனைச் சுட்டது’ன்னு ஒரு வரி. அதே கால், அதே தூசி. ஒரு பொண்ண உயிரோட எழுப்புன தூசி இப்ப அவனையே சுடுது. அவ ஒரு வார்த்தை திட்டல, சாபம் விடல, அவன் முகத்தக்கூடப் பார்க்கல. அவ வரலங்கிறதுதான் தீர்ப்பு. சீதைய நெருப்புல இறக்குனவனுக்கு நெருப்பு எங்கேர்ந்து வருதுன்னா, அவனோட பெருமைக்கே ஆதாரமா இருந்த காலடி மண்ணுலேர்ந்து வருது. இத்தனை சின்ன வரில இவ்வளவு பெரிய அடி குடுக்க முடியும்னு எனக்குக் காட்டுன கதை இது.

கம்பன்லயும் இந்தத் தூசி இருக்கா?

இருக்கு, அதுலேர்ந்துதான் வருது. வால்மீகில அகலிகை கல்லாகுறதே கிடையாது, யாரு கண்ணுக்கும் தெரியாம, காத்தையே சாப்பிட்டு, சாம்பல்ல கிடக்கணும்ங்கிறதுதான் அங்க சாபம். நமக்குத் தெரிஞ்ச கல்லும் கால் தூசியும் கம்பன் வழியா தமிழ்ல ஊறிப்போனது. தாடகைய அம்பால கொன்ன கைத்திறத்த அங்க பார்த்தேன், காலோட திறத்த இங்க பார்த்தேன்னு விசுவாமித்திரர் பாராட்டுற ‘கைவண்ணம் அங்குக் கண்டேன், கால்வண்ணம் இங்குக் கண்டேன்’ பாட்டு பட்டிமன்றத்துல கேக்காத ஆளே இருக்க முடியாது. மனசால தப்பு பண்ணாதவ இவ, ஏத்துக்கோன்னு கோதமன்கிட்ட அவரு சொல்றதும் கம்பன்ல இருக்கு, ‘நெஞ்சினால் பிழைப்பு இலாளை’ன்னு.

புதுமைப்பித்தன் இந்த வரிக்குத்தான் பதில் எழுதுறாருன்னு நான் நினைக்கிறேன். மனசால தப்பு இல்லன்னா போதும்னு அகலிகைக்கு ஒரு நியாயம் சொல்லியாச்சு. அந்த நியாயத்துக்கு சாட்சியா நின்ன பையன் வளந்து ராஜாவாகி, தன் பொண்டாட்டி விஷயத்துல மட்டும் மனசு போதாது, நெருப்பு வேணும்னு சொன்னா? அகலிகைக்கு அப்பக் குடுத்த விடுதலையோட கதி என்ன? அவளோட புது வாழ்க்கை மொத்தமும் அந்த ஒரு நியாயத்து மேலதான் நின்னுச்சு, அது உருவப்பட்டதும் அவ நிக்கிறதுக்கு எடமில்லாம போச்சு.

சீதை சொல்ற எடத்துல ‘கண்ணகி வெறி’ன்னு வருதே, ராமாயணத்துல கண்ணகி எப்படி?

காலக்கணக்குப்படி பார்த்தா பொருந்தாது, ஆனா அகலிகைக்கு கண்ணகியத் தெரியணும்னு அவசியமில்ல, படிக்கிற நமக்குத் தெரியும், அது போதும். ‘அவன் கேட்டானா?’ன்னு அகலிகை கத்துறா, அவ மனசுல கண்ணகி வெறி தாண்டவமாடுச்சுன்னு எழுதுறாரு. தமிழ் படிக்கிறவனுக்கு கண்ணகின்னதும் எரியிற மதுரைதான் ஞாபகம் வரும், ராஜாவோட நீதி தப்பானதால எரிஞ்ச ஊரு. சீதையோட தீயப் பத்திப் பேசுற நேரத்துல இன்னொரு தீய உள்ள கொண்டு வந்துட்டாரு. ஒரு தீ பொண்ண சோதிக்கிறது, இன்னொரு தீ பொண்ணு மூட்டுனது.

உலகத்துக்கு நிரூபிக்க வேணாமான்னு சீதை மெதுவா சிரிச்சுக்கிட்டே கேக்குறா. உள்ளத்துக்குத் தெரிஞ்சா போதாதா, உண்மைய உலகத்துக்கு நிரூபிக்க முடியுமான்னு அகலிகை திருப்பிக் கேக்குறா. அப்புறம் ‘உலகம் எது?’ன்னு ஒரு கேள்வி. அதுக்கு சீதை பதில் சொல்லல, வெளிய பேச்சுக் குரல் கேக்குதுன்னு கிளம்பிடுறா. கதை பூரா அகலிகைய ஒதுக்கி வெச்ச அந்த ‘உலகம்’ யாருன்னு கேட்டா சுட்டிக் காட்ட ஒரு ஆளு கிடையாது, ஆனா அதுக்காகத்தான் ஒருத்தி தீல இறங்குனா. அகலிகையோட ஆவேசம் கண்ணகி மாதிரி ஊர எரிக்கப் போகல, உள்ள திரும்பி அவளையே இறுக்கிடுச்சு. எனக்கு ஒவ்வொரு தடவையும் மனசு பதறுற எடம் இது.

இந்திரன் முதல்ல வந்ததோட சரி, அப்புறம் கதைல வர்றதேயில்லையே?

நேர்ல வர்றதில்ல, ஆனா அவ மனசை விட்டுப் போகவேயில்ல. எந்த ஆம்பளையப் பார்த்தாலும் இந்திரன் வேஷம் போட்டுட்டு வந்திருக்கானோன்னு அவளுக்குத் தோணுது. இன்னைக்கு நாம இதுக்கு மருத்துவப் பேரு வெச்சிருப்போம், 1943ல அவரு வேஷம், நாடகம்னு ரெண்டு உருவகத்த வெச்சே அந்த பயத்த முழுசா எழுதிட்டாரு.

கடைசிக் காட்சில இது தலைகீழா திரும்புது. அன்னைக்கு இந்திரன் கோதமன் உருவத்துல வந்தான், அவ கோதமன்னு நம்புனா. இன்னைக்கு கோதமனே வர்றான், அவளுக்கு இந்திரனாத் தெரியுது. புருஷன் மேல அவளுக்குக் கோபம் கிடையாது, எது நிஜம் எது வேஷம்னு பிரிக்கிற சக்தியத்தான் அவகிட்டேர்ந்து பறிச்சுட்டாங்க.

அப்ப கோதமன் வில்லனா?

இல்லவே இல்ல. அப்படிப் படிச்சா கதை சின்னதாயிடும். சாபம் குடுத்தத நெனச்சு வருந்துறவன், தர்மம்னா என்னன்னு முதல்லேர்ந்து யோசிக்கிறவன், அவளை உண்மையாவே நேசிக்கிறவன். கடைசில அவன் வானத்துல திரிசங்கு மண்டலத்தப் பார்க்கிறான், சொர்க்கத்துக்கும் போக முடியாம பூமிக்கும் வர முடியாம நடுவுல நிக்கிற திரிசங்கு. (அவனை அங்க நிறுத்துனது இதே விசுவாமித்திரர்தான். இது தற்செயலா இருக்கலாம், ஆனா கவனிச்சதும் எனக்குத் தள்ளிட்டுப் போக முடியல.) அந்த நிலைமைதான் அவங்க குடும்பத்துக்கும். அப்ப அவனுக்கு ஒரு யோசனை தோணுது, ஒரு குழந்தை வந்தா அதோட பிஞ்சு விரல் அவ மனசு பாரத்த எறக்கிடாதான்னு. நல்ல எண்ணத்தோடதான் உள்ள போறான், அந்த நல்ல எண்ணத்தோட கைக்குள்ளதான் அவ கல்லாகுறா.

அவன் பனி வழியா கைலாயம் போகும்போது குதிகால்ல விரக்தி ‘வைரம் பாய்ந்து’ கிடந்துச்சுன்னு எழுதுறாரு. வைரம் பாயுறது மரத்துக்குச் சொல்றது, வயசான மரத்தோட நடுப்பகுதி இறுகி கெட்டியாகுறது. அவளும் இறுகுறா, அவனும் இறுகுறான். ஆனா அவனோட இறுக்கம் கால்ல இருக்கு, நடந்து போக முடியுது. ஆரம்பத்துல புத்துக்கும் கல்லுக்கும் இருந்த அதே வித்தியாசம்.

இதெல்லாம் எழுத்தாளர் யோசிச்சு வெச்சதா, இல்ல நாமளா ஏத்தி வைக்கிறோமா?

நியாயமான கேள்வி. எல்லாத்துக்கும் அர்த்தம் தேடுனா தப்பாத்தான் போகும். குருவி எதைக் குறிக்குது, கோட்டான் எதைக் குறிக்குதுன்னு கேக்காதீங்க, அது காட்டுல இருக்குற பறவை, அவ்வளவுதான். ஒரு பொருள் திரும்ப வந்தா, திரும்ப வரும்போது ஒரு ஆளோட நிலைமை மாறுனா, அத நம்பலாம். கல்லும் தூசியும் வேஷமும் அப்படித்தான் வருது. எழுத்தாளர் மனசுல என்ன இருந்துச்சுன்னு நாம போய்க் கேக்க முடியாது, அவரு 1948லயே, 42 வயசுல போயிட்டாரு. பக்கத்துல என்ன இருக்குன்னு காட்ட முடியும், அதக் காட்டிட்டு வாதாடலாம்.

இவரு ராமாயணத்த இழிவு படுத்துறாருன்னு சிலர் சொல்றாங்களே?

ராமாயணப் பரிச்சயம் இருக்குறவங்களுக்குப் பிடிபடாமலும் போகலாம், பிடிக்காமலும் போகலாம், அதை நான் பொருட்படுத்தலன்னு அவரே கதைக்கு முன்னாடி எழுதி வெச்சிருக்காரு. என் பார்வைல, அகலிகைய ஒரு படலத்தோட மறந்துடாம அவளோட மிச்ச வாழ்க்கைய உக்காந்து யோசிச்சவரு இவரு. பிடிக்கலன்னா தாராளமா மறுத்துப் பேசலாம், படிச்சுட்டுப் பேசணும்.

பரீட்சைக்கு எழுதணும்னா எப்படி?

‘கல் சாபத்தின் குறியீடு’ன்னு ஒரு வரில முடிச்சுடாதீங்க. ஒரே ஒரு படிமத்த எடுத்துக்கோங்க, தூசியே போதும். முதல்ல எங்க வருது, யாரை என்ன செய்யுது, ரெண்டாவது எங்க வருது, அங்க யாரை என்ன செய்யுது, நடுவுல கதைல என்ன நடந்ததால இப்படி மாறுச்சு. இந்த வரிசைல எழுதுனா ரெண்டு பக்கம் தன்னால வரும், எல்லாம் கதையோட வரியிலேர்ந்தே வரும்.

கதை எங்க கிடைக்கும்? இதோட சேர்த்து வேற என்ன படிக்கலாம்?

புதுமைப்பித்தன் எழுத்துக்கள் நாட்டுடைமை ஆயிட்டதால நெட்ல இலவசமாவே கிடைக்குது, முழுத் தொகுப்பு புத்தகமாவும் நிறைய பேரு போட்டிருக்காங்க. சமஸ்கிருத வார்த்தை கொஞ்சம் தூக்கலா இருக்கும், முதல் ரெண்டு பக்கத்துக்கு அப்புறம் பழகிடும். இதோட 1934ல அவரே எழுதுன ‘அகல்யை’ய படிச்சே ஆகணும், அதுல சாபமும் கிடையாது, கோதமன் மன்னிச்சுடுறான். மன்னிப்போட பிரச்சினை தீந்துச்சான்னு ஒன்பது வருஷம் கழிச்சு அவரே மறுபடி கேட்டதுதான் சாபவிமோசனம். கம்பராமாயணத்துல பால காண்டத்துல அகலிகைப் படலம் இருக்கு, உரையோட எடுத்துப் படிங்க. மூணையும் ஒரே வாரத்துல முடிச்சிடலாம், கம்பன முதல்ல படிங்க.